படத்தில் இல்லாதவர்: ஒளிப்படக் கலைஞரைப் போற்றும் நெறி

முன்னுரை

எங்கள் இல்லத்தில் என் பாட்டனாரின் ஒளிப்படம் ஒன்றே ஒன்று உள்ளது. பினாங்குக்குக் கப்பலேறும் முன்னர்க் கடவுச்சீட்டுக்காக எடுத்த படம் அது. உருவப்படம் எடுத்துக்கொள்வதில் அக்காலப் பெரியவர் பலருக்கு இருந்த தயக்கம் அவருக்கும் இருந்தது என்று என் தந்தையார் கூறுவார். கடவுச்சீட்டு என்னும் தேவை வந்திராவிடின் அந்த ஒரு முகமும் எங்களுக்குக் கிட்டியிராது. படத்தின் பின்புறத்தில் ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை உண்டு. 'ஸ்டூடியோ, நாகப்பட்டினம்' என்னும் இரு சொற்களே அதில் தெளிவாக உள்ளன. பெயர் இருந்த இடத்தில் ஈரம் பட்டு மை கலைந்துவிட்டது. என் பாட்டனாரை எனக்குக் காட்டியவர் எவரோ, அவரை நான் அறியேன்.

நம் கல்லூரித் தமிழ்த்துறையின் சுவரில் வரிசையாகத் தொங்கும் குழுப்படங்களைப் பாருங்கள். 'அமர்ந்திருப்போர்', 'நிற்போர்', 'இடமிருந்து வலமாக' என்று தலைப்பிட்டு ஒவ்வொருவர் பெயரும் அச்சிடப்பட்டுள்ளது. முதல்வர் பெயர் உண்டு. பேராசிரியர் பெயர் உண்டு. கடைசி வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்கும் மாணவர் பெயரும் உண்டு. அத்தனை பேரையும் ஒழுங்குபடுத்தி நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலை நுழைத்து, அசையாதீர்கள் என்று அதட்டி, அந்தக் கணத்தை நமக்குப் பிடித்துத் தந்தவர் பெயர் மட்டும் பெரும்பாலான படங்களில் இல்லை. படம் எடுத்தவரே படத்தில் இல்லாதவர் ஆகிறார்.

ஒளிப்படத்தால் நினைவு பெற்ற சமுதாயம், அந்நினைவைத் தந்த கலைஞரையும் அவர்தம் பணியைக் காத்த நிறுவனங்களையும் எவ்வாறு போற்ற வேண்டும் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

சொல்லும் மரபும்

இக்கலையைத் தமிழில் புகைப்படம் என்றும், நிழற்படம் என்றும், ஒளிப்படம் என்றும் வழங்குகிறோம். புகைப்படம் என்பது மக்கள் வழக்கில் வேரூன்றிய சொல். எனினும் ஒளியால் எழுதுதல் என்னும் பொருள் தரும் கிரேக்க வேர்களிலிருந்து பிறந்த மேலைச் சொல்லுக்கு ஒளிப்படம் என்பதே நெருங்கியது. ஆதலின் இக்கட்டுரையில் அச்சொல்லே ஆளப்படுகிறது.

போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரும் பீடும் எழுதினர் நம் முன்னோர். கல்லைத் தேர்தல் முதல் வாழ்த்துதல் ஈறாக அதனை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. கொடையாளரையும் தலைவரையும் பாடுதற்கென்றே பாடாண் என ஒரு திணை அமைந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர், தம்மை ஆதரித்த அபுல்காசிம் மரைக்காயரின் பெயரைத் தம் காப்பியத்துள்ளேயே பல இடங்களில் பதித்து வைத்தார். நூல் வாழும் காலமெல்லாம் புரவலர் பெயரும் வாழ்கின்றது.

பெயர் தொலைந்தவரையும் நம் மரபு கைவிடவில்லை. சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் கிடைக்காதபோது, அவர்தம் பாட்டில் ஒளிரும் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் தொகுத்தோர் குறித்தனர். பெயர் தெரியவில்லை என்று பாட்டை அநாதையாக விட அவர்கள் மனம் ஒப்பவில்லை.

இம்மரபிலிருந்து மூன்று கடமைகளைப் பிரித்தறியலாம். ஒன்று, படைத்தவர் பெயரைச் சொல்லுதல். இரண்டு, படைப்பவர் வாழ்வைத் தாங்குதல். மூன்று, படைப்பைக் காத்தல். ஒளிப்பட வரலாற்றை இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு நோக்குவோம்.

பெயரைச் சொல்லுதல்

ஒளிப்படக் கலைக்கு அடிப்படையான இருட்டறைத் தத்துவத்தை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் இப்னுல் ஹைத்தம். ஏறத்தாழ 965இல் பஸராவில் பிறந்து, ஏறத்தாழ 1040இல் கெய்ரோவில் மறைந்தவர். சூரிய கிரகணத்தின்போது சிறு துளை வழியே புகும் ஒளி எதிர்ச்சுவரில் பிறை வடிவில் விழுவது ஏன் என்று அவர் தனி நூலே எழுதினார். ஏழு பகுதிகள் கொண்ட அவருடைய 'கிதாபுல் மனாளிர்' இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் அச்சேறியது. ஆயின் ஐரோப்பியர் நாவில் அவர் 'அல்ஹாசன்' என உருமாறினார். ஐக்கிய நாடுகள் அவை 2015ஐப் பன்னாட்டு ஒளி ஆண்டாக அறிவித்தபோது, அவருடைய பணியை அவருடைய சொந்தப் பெயராலேயே உலகெங்கும் நினைவுகூர்ந்தனர்.

பெயர் திரிவது ஒருவகை இழப்பு. பெயர் அழிக்கப்படுவதோ அதனினும் கொடிது. புனித நகரங்களின் ஒளிப்பட வரலாற்றில் இதற்கு ஒரு சான்று உண்டு.

எகிப்தியப் படையின் பொறியாளரான முஹம்மது ஸாதிக் பே, 1861இல் மதீனா நகரை முதன்முதலாகப் படமெடுத்தார். பின்னர் 1880இல் ஹஜ் பயணக் குழுவினருடன் சென்று மக்காவையும் படமெடுத்தார். கடும் வெப்பத்தில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவி முடிக்கும் கடினமான முறையில் அவர் பணியாற்றினார். 1881இல் வெனிஸ் நகரில் கூடிய பன்னாட்டுப் புவியியல் மாநாட்டில் அப்படங்களுக்காக அவருக்குப் பொற்பதக்கம் வழங்கப்பெற்றது. உழைப்பும் பெயரும் பரிசும் ஒருவரிடமே சேர்ந்த நற்பேறு இது.

நான்காண்டுகள் கழித்து நேர்ந்தது இதற்கு மாறானது. ஹாலந்து நாட்டு அறிஞர் ஸ்நூக் ஹூர்க்ரோன்யே 1885இல் மக்காவில் தங்கியிருந்தார். அங்கு அவருக்குத் துணையாக இருந்தவர் செய்யிது அப்துல் கஃப்பார் என்னும் மருத்துவர். அவ்வாண்டிலேயே ஸ்நூக் நகரை விட்டு வெளியேற்றப்பட்டார். அதன் பின்னர் மருத்துவரே படங்களை எடுத்து அவருக்கு அனுப்பிவந்தார். தாம் எடுத்த படங்களில் 'மக்கா மருத்துவர்' என்னும் அடைமொழியுடன் தம் பெயரை அரபு எழுத்தில் பொறித்தும் வைத்தார். 1889இல் ஸ்நூக் வெளியிட்ட மக்காப் படத்தொகுப்பில் அப்படங்கள் இடம்பெற்றன, பெயர் இடம்பெறவில்லை. பொறித்திருந்த கையொப்பமும் அச்சில் அகற்றப்பட்டது. மக்காவைச் சேர்ந்த முதல் ஒளிப்படக் கலைஞர் நெடுங்காலம் பெயரற்றவராகவே இருந்தார். பிற்கால ஆய்வாளர்கள் லைடன் நகரில் காக்கப்பட்ட மூலப்படங்களையும் அச்சான படங்களையும் ஒப்பிட்டு நோக்கியே அவருக்கு உரிய இடத்தை மீட்டுத் தந்தனர். மூலம் காக்கப்படாதிருப்பின் அந்தப் பெயர் மீண்டிராது என்பது இங்கே கருதத்தக்கது.

பெண்பாலருக்கு இவ்விழப்பு இன்னும் எளிதாக நேர்ந்தது. நவ்ஸாரியில் 1913இல் பிறந்த ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் செய்தி ஒளிப்படக் கலைஞராக மதிக்கப்படுபவர். அறிமுகமில்லாதவர், அதிலும் பெண் என்பதனால், அவருடைய தொடக்ககாலப் படங்கள் கணவர் மானெக்ஷா பெயரிலேயே வெளியாயின. 1947 ஆகஸ்ட் 16 அன்று செங்கோட்டையில் கொடியேற்றப்பட்ட காட்சியையும், காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தையும் அவர் படம்பிடித்தார். 1970இல் தொழிலை விட்டு விலகியவரை நாடு ஏறத்தாழ மறந்தே போயிற்று. 2006இல் சபீனா கடியோக் எழுதிய நூல் அவரை மீண்டும் மக்கள் முன் நிறுத்தியது. 2011இல் பத்ம விபூஷண் விருது வந்தபோது அவருக்கு வயது 97. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் மறைந்தார். விருது வந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் நாற்பதாண்டுக் காலத் தாழ்வு நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

வாழ்வைத் தாங்குதல்

பெயரைச் சொல்வதோடு போற்றுதல் முடிந்துவிடுமா? கலைஞனுக்கும் குடும்பம் உண்டு, பசி உண்டு. ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839ஆம் ஆண்டிலேயே இவ்வினா எழுந்தது.

பிரான்சில் நிசெஃபோர் நியெப்ஸ் தொடங்கிய ஆய்வை, அவர் 1833இல் மறைந்தபின் கூட்டாளியான தாகேர் நிறைவு செய்தார். அறிவியலறிஞர் அரகோவின் முயற்சியால் பிரெஞ்சு அரசு அக்கண்டுபிடிப்பை வாங்கிப் பொதுவுடைமை ஆக்கியது. அதற்கு ஈடாகத் தாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், நியெப்ஸின் மகன் இசிதோருக்கு 4,000 பிராங்கும் வாழ்நாள் உதவியாக வழங்கியது. செய்முறை வெளியிடப்பட்ட 1839 ஆகஸ்ட் 19ஆம் நாளே உலக ஒளிப்பட நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. அறிவைப் பொதுவாக்கி, அறிந்தவரை அரசே தாங்கும் இந்நெறி பாராட்டுக்குரியது. எனினும் அறிவிப்புக்குச் சில நாள் முன்னரே இங்கிலாந்தில் தாகேர் காப்புரிமை பெற்றுவிட்டார் என்பதையும் வரலாறு குறித்து வைத்துள்ளது.

அதே பாரிஸ் நகரில், அதே ஆண்டில், இப்போலித் பயார் என்னும் அரசு அலுவலர் தாளில் நேரடியாகப் படம் விழச் செய்யும் முறையைத் தாமே கண்டறிந்தார். 1839 ஜூன் 24 அன்று தம் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கும் வைத்தார். தாகேரின் புகழ் பரவிய வேளையில் பயாருக்குக் கிடைத்தது கருவி வாங்குவதற்கான 600 பிராங்கு மட்டுமே. மனம் நொந்த பயார், நீரில் மூழ்கி இறந்த பிணம்போல் தம்மையே 1840இல் படமெடுத்து, தாகேருக்கு அள்ளித் தந்த அரசு தமக்கு ஒன்றும் செய்யவில்லை என்னும் கருத்தை அதன் பின்புறத்தில் எழுதி வைத்தார். புறக்கணிப்பைக் கலையாக்கிய முதல் ஒளிப்படம் அதுவே எனலாம். பயார் துவண்டு விடவில்லை. 1854இல் பிரெஞ்சு ஒளிப்படச் சங்கம் உருவானபோது அதன் நிறுவுநர்களுள் ஒருவரானார். 1863இல் பிரெஞ்சு அரசின் லெஜியன் தோனர் விருதும் பெற்றார். ஆயினும் ஐஃபில் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிவியலாளர் பெயர்களுள் தாகேர் பெயர் உண்டு; அரகோ பெயர் உண்டு; நியெப்ஸ் பெயரும் பயார் பெயரும் இல்லை. கல்வெட்டும் இரும்பெழுத்தும்கூட முழு உண்மையைச் சொல்லிவிடுவதில்லை.

இவர்கள் எல்லாரினும் நம் நெஞ்சைத் தொடுபவர் இங்கிலாந்தின் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசை பூசிப் படமெடுக்கும் முறையை 1851 மார்ச்சில் அவர் ஓர் இதழில் வெளியிட்டார். காப்புரிமை எதனையும் கோரவில்லை. சில நொடிகளில் படம். ஒரே தகட்டிலிருந்து எத்தனை பிரதி வேண்டினும் எடுக்கலாம். உலகெங்கும் ஸ்டூடியோக்கள் பெருகியது அக்கொடையினால்தான். மதீனாவில் ஸாதிக் பே கையாண்டதும் அம்முறையே. ஆர்ச்சரோ 1857இல் வறுமையிலேயே மறைந்தார். மறு ஆண்டு அவர் மனைவியும் மறைந்தார். ஒளிப்பட ஆர்வலர் நிதி திரட்டினர். அநாதைகளான குழந்தைகளுக்கு அரசு ஆண்டுக்கு 50 பவுன் உதவித்தொகை வழங்கியது. இலண்டனில் அவருடைய அடக்கவிடம் அடையாளமின்றிக் கிடந்தது. பழைய கொலோடியன் முறையை விரும்பிப் பயிலும் கலைஞர்கள் ஒன்றுகூடி 2010இல் அங்கே ஒரு நினைவுப் பலகை பதித்தனர். தாம் கண்டிராத ஆசானுக்கு 153 ஆண்டுகள் கழித்துச் செலுத்திய கடன் அது. செத்தும் கொடுத்தவர் சீதக்காதி என்று கீழக்கரை வள்ளலை நாம் சொல்வதுண்டு. ஆர்ச்சரும் அவ்வாறு கொடுத்தவரே. கொடுத்தவர் உயிரோடிருக்கும்போது நாம் என்ன கொடுத்தோம் என்பதே எஞ்சும் வினா.

படைப்பைக் காத்தல்

பெயர் சொல்லி, பரிசும் தந்து, படைப்பைக் குப்பையில் எறிந்தால் அது போற்றுதல் ஆகாது. ஏட்டுச்சுவடிகள் ஆற்றிலும் அடுப்பிலும் போன காலத்தில் ஊர் ஊராய் அலைந்து அவற்றைத் தேடிய உ.வே.சாமிநாதையரை நாம் தமிழ்த்தாத்தா என்கிறோம். ஒளிப்படத்துக்கும் அத்தகைய காவலர் வேண்டும்.

நம் மண்ணிலிருந்தே ஒரு சான்று காண்போம். கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களுக்குப் பெரிய கருவிகளுடன் சென்று படமெடுத்தார். அவை 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் உருவாக்கினார். கல்வெட்டியல் பயில்வோர் வியந்து போற்ற வேண்டிய பணி இது. புதிய ஆளுநர் டிரெவெல்யன் செலவைக் காரணம் காட்டி அப்பணியை நிறுத்திவிட்டார். படங்கள் காக்கப்பட்டமையால், 2014-15ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய மாநகர்களில் அவருக்கெனத் தனிக் கண்காட்சி நிகழ்ந்தது. அரசு கைவிட்டவரை அருங்காட்சியகம் உயர்த்தியது.

ராஜா தீனதயாளின் வரலாறு இன்னும் நிறைவானது. மீரத் அருகே சர்தானாவில் 1844இல் பிறந்த அவர், பொறியியல் பயின்று இந்தூரில் பணியாற்றும்போது ஒளிப்படத்தைக் கற்றார். ஐதராபாத்தின் ஆறாம் நிஜாம் மஹபூப் அலீ கான் அவரைத் தம் அவைக்கலைஞராக்கினார். 'முஸவ்விர் ஜங்' என்னும் பட்டத்தையும் அளித்தார். முஸவ்விர் என்னும் அரபுச் சொல்லுக்கு உருவம் வரைபவர் என்பது பொருள். சமண சமயத்தைச் சார்ந்த கலைஞருக்கு இஸ்லாமிய மன்னர் தம் அவையின் உயர்ந்த மொழியில் பட்டம் சூட்டியது நினைந்து மகிழத்தக்கது. 1892இல் ஐதராபாத்தில் பர்தா முறை பேணும் மகளிருக்கெனத் தனி ஸ்டூடியோ ஒன்றையும் அவர் ஏற்படுத்தினார். அங்கே படமெடுக்கும் பொறுப்பை ஏற்றவரும் ஒரு பெண்மணியே. 1905இல் தீனதயாள் மறைந்தார். அவர் குடும்பத்தார் காத்துவந்த 2,857 கண்ணாடி நெகடிவ்களை 1989இல் தில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் பெற்றுப் பேணியது. 2006இல் அவர் உருவத்துடன் அஞ்சல்தலை வெளியாயிற்று. பட்டம் மன்னரோடு போயிற்று, நெகடிவ்கள் நின்றன.

மன்னர் அவை இல்லாத சாதாரணத் தெரு ஸ்டூடியோக்காரர் நிலை என்ன? மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோவில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் மாலிக் ஸிதிபே. திருமணம், நடனம், பெருநாள் என ஊரின் மகிழ்ச்சியையெல்லாம் படமெடுத்தார். கேமரா பழுது பார்த்தும் பிழைத்தார். அவருடைய சிறப்பு ஒன்று. எடுத்த படங்களின் சிறு பிரதிகளை நிகழ்ச்சி வாரியாக அட்டைகளில் ஒட்டி, நாளும் இடமும் எழுதி வைத்தார். நெகடிவ்களைப் பெட்டி பெட்டியாகக் காத்தார். பல பத்தாண்டுகள் கழித்து உலகம் அவரைத் தேடி வந்தபோது, ஒரு நாட்டின் இளமைக் காலமே அப்பெட்டிகளில் இருந்தது. 2003இல் சுவீடனின் ஹாசல்பிளாட் விருதும், 2007இல் வெனிஸ் கலைவிழாவின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதும் அவருக்குக் கிடைத்தன. அத்தங்கச் சிங்கத்தைப் பெற்ற முதல் ஒளிப்படக் கலைஞரும் முதல் ஆப்பிரிக்கரும் அவரே. 2016இல் அவர் மறைந்தார்.

நம் ஊர்க் கடைத்தெருவிலும் ஸிதிபேக்கள் இருந்தனர். அவர்தம் பெட்டிகள் எங்கே? ஒரு முதிய ஸ்டூடியோ உரிமையாளரிடம் அண்மையில் இதைக் கேட்டேன். "கண்ணாடித் தகட்டையெல்லாம் சுரண்டிப் படச் சட்டத்துக்குக் கண்ணாடியாகப் போட்டுவிட்டோம், சார். பிலிமை வெள்ளி எடுக்கிறவர்கள் எடைக்கு வாங்கிப் போனார்கள். இதையெல்லாம் வந்து கேட்பார்கள் என்று அப்போது யார் கண்டது?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்க வேண்டிய நாம்தான் கேட்காமலிருந்தோம்.

நிறுவனங்களின் தொண்டு

தனிமனிதர் முயற்சி அவரோடு முடியும். நிறுவனம் தலைமுறை கடந்து நிற்கும். இலண்டன் ஒளிப்படச் சங்கம் 1853இல் தோன்றிய மறு ஆண்டே பம்பாயில் ஒரு சங்கம் எழுந்தது. சென்னை ஒளிப்படச் சங்கம் தன் தொடக்கத்தை 1857 எனக் குறிக்கின்றது. சென்னைக் கலைப் பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் இங்கு ஒளிப்படக் கல்வி பரவ முன்னின்றவர்.

1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னகக் கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுத்து ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டியுள்ளது. சிலை களவுபோன வழக்குகளில் அப்படங்கள் சான்றாகப் பயன்பட்டுள்ளன. அந்நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று குடும்பப் படங்களைக் கணினிப் பதிவாக்கினர். தில்லியின் அல்காஸி அறக்கட்டளை பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களைத் திரட்டியதுடன் ஹோமாய் வியாரவாலாவின் படத்தொகுப்பையும் ஏற்றுப் பேணுகின்றது.

தமிழும் கேமராவும் ஒருவரிடமே கூடிய பெருமைக்குச் சான்று மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் இவர். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தார். தாமே பல உறுப்புகளைப் பொருத்தி அமைத்துக்கொண்ட கேமராவால் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். 1960இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் மறைவுக்குப் பின் சென்னை இயற்கை ஆர்வலர் சங்கம் அவர் பெயரால் இளைஞருக்கு இயற்கை எழுத்துப் பரிசு வழங்கத் தொடங்கியது. சென்றவரைப் போற்றுவதோடு வருபவரையும் வளர்க்கும் இத்தகைய பரிசே சிறந்த நடுகல் என்பது என் கருத்து.

நம் கடமை

உருவப்படம் குறித்து மார்க்க அறிஞரிடையே வேறுபட்ட கருத்துகள் இருந்துள்ளமை யாவரும் அறிந்ததே. எகிப்தின் தலைமை முஃப்தியாக விளங்கிய முஹம்மது பக்கீத் அல்முதீஈ, கேமரா செய்வது நிழலைப் பிடித்து நிறுத்துவதேயன்றிப் புதிதாக உருவம் படைப்பதன்று எனக் கூறி, ஒளிப்படத்தை அனுமதித்து நூல் எழுதினார். அவ்வாதத்துள் இக்கட்டுரை நுழையவில்லை. பள்ளிவாசல் திறப்பு, மதரஸா ஆண்டு விழா, கல்லூரி அடிக்கல் நாட்டு விழா ஆகியவற்றின் படங்கள் நம் சமுதாயத்தின் ஆவணங்களாக ஏற்கெனவே நம்மிடம் உள்ளன. அவற்றைக் காப்பது அமானிதத்தைக் காப்பது போன்றது என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இராது.

சட்டமும் நம் பக்கம் நிற்கின்றது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒளிப்படத்தின் படைப்பாளர் அதை எடுத்தவரே. பணம் தந்து எடுக்கச் சொன்னவருக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, பதிப்புரிமை சேரலாம். ஆயினும் இப்படைப்பு என்னுடையது என உரிமை கோரும் தகுதி எடுத்தவரிடமே நிற்கும் என்று அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு கூறுகின்றது. பெயர் போடுவது நாம் காட்டும் சலுகையன்று. அவருக்கு உரிய உரிமை.

மாணவர் செய்யத்தக்கன சில உண்டு. இல்லத்திலுள்ள பழைய படங்களின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். முத்திரை, அட்டையிலுள்ள அச்செழுத்து, மூலையிலுள்ள கையொப்பம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்திலுள்ளோர் பெயரையும் எடுத்தவர் பெயரையும் மெல்லிய பென்சிலால் பின்புற ஓரத்தில் எழுதுங்கள்; பால்பாயின்ட் பேனா அழுத்தத்தால் முன்புறம் தழும்பாகும், மையும் ஊறும். கண்ணாடி நெகடிவ் கிடைத்தால் விரல் படாமல் விளிம்பைப் பிடித்து எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளுறையில் இட்டு, நீள்விளிம்பு கீழிருக்க நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். ஈரமும் வெப்பமும் அவற்றுக்குப் பகை.

ஆசிரியர் செய்யத்தக்கது, இப்பணியை இளங்கலை மாணவர்க்குக் களப்பணியாகத் தருவது. ஊரின் பழைய ஸ்டூடியோக்காரரைக் கண்டு, இருட்டறை, கழுவுதல், டச்சிங் ஆகியவை குறித்து அவர் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்தால், அது தமிழ்ச் சொல்லகராதிக்கும் கொடையாகும். பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்: விழா மேடையில் பொன்னாடை போர்த்தும்போது, மேடைக்குக் கீழே நின்று படமெடுப்பவரையும் ஒருமுறை மேலே அழையுங்கள். கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்: இனி மாட்டப்படும் ஒவ்வொரு குழுப்படத்தின் கீழும் இறுதி வரியாக 'படம் எடுத்தவர்' என்று ஒரு வரி சேர்க்கப்படட்டும்.

முடிவுரை

ஸாதிக் பேக்குப் பதக்கமும் பெயரும் ஒருங்கே கிட்டின. அப்துல் கஃப்பாரின் பெயர் அழிக்கப்பட்டும், மூலப்படம் காக்கப்பட்டதால் மீண்டது. ஆர்ச்சருக்கு நன்றி 153 ஆண்டுகள் தாழ்ந்து வந்தது. ஹோமாய்க்கு 97ஆம் வயதில் வந்தது. ஸிதிபே தம் பெட்டிகளைத் தாமே காத்தமையால் உலகம் அவரைக் கண்டது. இவற்றால் விளங்குவது ஒன்று: விருது என்பது போற்றுதலின் கடைசிப் படி. பெயரை எழுதி வைத்தலும், வாழும்போதே தாங்குதலும், படைப்பைக் காத்தலும் அதற்கு முற்பட்ட படிகள். முதற்படிகளுக்கு அரசாணை வேண்டா. ஒரு பென்சிலும் ஒரு தாளுறையும் போதும்.

என் பாட்டனார் படத்தின் பின்னுள்ள முத்திரையை ஒளிக்கு எதிரே பிடித்து இன்னமும் அவ்வப்போது பார்க்கிறேன். கலைந்த மையில் ஓர் எழுத்தேனும் புலப்படாதா என்னும் ஆசைதான். இவ்விதழைப் படிக்கும் எவர் இல்லத்திலேனும் அதே முத்திரை தெளிவாக விழுந்த படம் ஒன்று இருக்கக்கூடும். இருப்பின் தமிழ்த்துறையில் வந்து காட்டுங்கள். செம்புலப்பெயனீராருக்குப் பெயர் தந்த மரபில் வந்த நாம், நாகப்பட்டினத்து அந்தக் கலைஞருக்கும் அவர் பெயரைத் திருப்பித் தருவோம்.